ஏரியில் இறங்கிய ஏரோப்ளேன்

புழல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒன்று, குழாயில் வரும் தண்ணீர். இரண்டு, ஜெயில். மூன்றாவது ஒன்றும் உண்டு. திருவொற்றியூரில் பிறந்து ராயபுரத்தில் பெண் எடுத்து எண்ணூரில் ரிட்டயர் ஆனவரிடம் சொன்னாலும் "போய்யா!" என்றுதான் சொல்வார். புழல் ஏரி ஒரு காலத்தில் ஏர்போர்ட்!

சத்தியமாக. 1942-ல் பிரிட்டிஷ் விமானப் படையின் 240-வது ஸ்குவாட்ரன் பெட்டி படுக்கையோடு புழல் ஏரிக்கரைச் செங்குன்றத்துக்கு வந்து இறங்கியது. ரன்வே கிடையாது, போட வேண்டிய அவசியமும் இல்லை. வந்தவை கேட்டலினா என்ற ரகம். கீழே பார்த்தால் படகு, மேலே பார்த்தால் விமானம். தண்ணீரில் ஓடி, தண்ணீரிலிருந்தே எழும்பி, திரும்பி வந்து தண்ணீரிலேயே 'தொப்' என்று உட்காரும். எந்தத் தண்ணீரில்? 1872-லிருந்து மதராஸ் பட்டணமே குடித்துக்கொண்டிருந்த அதே தண்ணீரில்தான்!

கோடையில் ஏரி வற்றினால் ஏர்போர்ட்டை என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள். யுத்த காலத்தில் இப்படியெல்லாம் கேட்டால் 'உளவாளி' என்று உள்ளே போட்டுவிடுவார்கள்.

இந்தப் பறக்கும் படகுகள் சோழவரம் பக்கம் வாத்து மேய்க்க வரவில்லை. பெரிய பெரிய அட்மிரல்களும் கவர்னர்களும் மேப்பை விரித்துவைத்து, 'இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம், வர எத்தனை மணி நேரம்' என்று கணக்குப் போட்டு, அத்தனை பேரும் ஃபெயிலான ஒரு பரீட்சையின் பின்விளைவுதான் அவை. அந்த விடைத்தாள்களைக் கொஞ்சம் புரட்டுவோம்.

முதலில் அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில். இந்துமாக் கடலில் இருந்த பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படைக்குத் தலைவர். நல்ல மனிதர், கெட்டிக்காரர். பாவம், அவர் கைக்கு வந்த போர்க்கப்பல்களில் பல முதல் உலகப் போர் காலத்துச் சரக்கு. எதிரே வந்துகொண்டிருந்தவர் ஜப்பானின் அட்மிரல் நகுமோ. முந்தைய டிசம்பரில் பேர்ல் ஹார்பரைப் பந்தாடிவிட்டு வந்தவர். கூடவே ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள்.

கொழும்பிலிருந்த ரகசிய எழுத்து நிபுணர்கள் ஜப்பானியரின் சங்கேதச் செய்தியை உடைத்துப் படித்துவிட்டார்கள். தாக்குதல் ஏப்ரல் 1-ம் தேதி வாக்கில் இலங்கைமேல். சோமர்வில் அத்தனை கப்பல்களையும் கிளப்பிக்கொண்டு போய் இலங்கைக்குத் தெற்கே பதுங்கி நின்றார். ஏப்ரல் 1 வந்தது, ஜப்பான்காரன் வரவில்லை. தேதியைப் பார்த்தாவது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டாமா!

நகுமோவின் புறப்பாடே சில நாள் தள்ளிப்போயிருந்தது. எதிரி லேட்டாக வருவான் என்று எந்தப் போர்ப் பள்ளியிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஏப்ரல் 2 சாயந்திரம்வரை காத்திருந்து சோமர்வில் பொறுமை இழந்தார். பழைய கப்பல்களில் எண்ணெய் குறைந்தது, அதைவிட மோசம் குடிதண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தது. பரந்த கடலுக்கு நடுவே, சாம்ராஜ்யத்தின் மானத்தைக் காக்க வந்த கப்பல் படைக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு! வடசென்னைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கு இந்த வேதனை புரியும்?

சரி, தண்ணீர் பிடிக்க எங்கே போனார்? கொழும்புக்கா? இல்லை. மாலத்தீவின் தெற்குக் கோடியில் அட்டு என்றொரு பவளத் தீவுக்கூட்டம். அங்கே பிரிட்டிஷார் ஒரு ரகசியத் துறைமுகம் அமைத்திருந்தார்கள். எவ்வளவு ரகசியம் என்றால், அப்படி ஒன்று இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது. பாதுகாப்பான இடம்தான். ஒரே ஒரு சின்னக் குறை. காப்பாற்ற வேண்டிய இலங்கை அங்கிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர்.

இந்த ஆயிரத்தை இன்றைய கணக்கில் பாருங்கள். அட்டுவின் கான் தீவில் அன்றைக்குப் போட்ட விமானத் தளம் இன்று சர்வதேச விமான நிலையம். இலங்கையின் தென்கரையில் அன்றைய பறக்கும் படகுத் தளமான கொக்கலையிலும் இன்று ஒரு சின்ன விமான நிலையம். இரண்டும் தீவு, இரண்டிலும் தென்னை. நேர்கோட்டில் இடைவெளி சுமார் 1,090 கிலோமீட்டர். ஜெட் விமானம் என்றால் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். சீட் பெல்ட்டைப் போட்டு, ஜூஸைக் குடித்து, பக்கத்து சீட்காரரிடம் "எந்த ஊர் நீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். சோமர்வில்லின் கிழட்டுக் கப்பல்கள் முக்கி முனகி ஓடினாலும் ஒன்றரை நாள்.

ஏப்ரல் 4 மதியம் அட்டுவுக்குப் போய்ச் சேர்ந்தார். நங்கூரம் போட்டார். தண்ணீர்க் குழாயை மாட்டினார்கள். அன்று சாயந்திரமே தந்தி வந்தது: ஜப்பான் கப்பற்படை இலங்கைக்குத் தெற்கே வந்துவிட்டது!

தந்தி அடித்தவர் கதை இன்னும் ஜோர். லெனர்ட் பர்ச்சல், கனடாக்காரர். கொக்கலைக்கு வந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அந்த இடத்தின் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட வந்திருக்காது, அதற்குள் கேட்டலினாவைக் கொடுத்து "தெற்கே போய்ப் பார்த்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். ஜி.பி.எஸ். கிடையாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்துத்தான் தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நாள் முழுக்கப் பறந்து, ஒன்றும் இல்லை என்று திரும்ப வேண்டிய நேரம். எப்படியும் இருட்டில் கொக்கலையில் இறங்க முடியாது. "நிலா வரட்டும், இருக்கிற இடத்தைச் சரிபார்த்துட்டே கிளம்புவோம்" என்று இன்னும் கொஞ்சம் சுற்றினார்கள். அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டே போய்ப் பார்த்தால், புள்ளிகள் ஒவ்வொன்றும் கப்பல்!

செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய ஜீரோ விமானங்கள் துளைத்துவிட்டன. கேட்டலினா கடலில் விழுந்தது. இருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்து, போர் முடியும்வரை ஜப்பானில் சிறையிருந்தார்கள். வெளியே உலகம் பர்ச்சல் செத்துப்போனதாகவே நினைத்து, 'இலங்கையைக் காத்த வீரர்' என்று பட்டம் கட்டிவிட்டது. போர் முடிந்த பிறகு வாஷிங்டன் விருந்து ஒன்றில் வின்ஸ்டன் சர்ச்சில், போரிலேயே ஆபத்தான கட்டம் அதுதான் என்றும், எச்சரிக்கை கொடுத்த அந்த விமானி கடலடியில் உறங்குகிறார் என்றும் உருக்கமாகப் பேசினாராம். கனடாக்காரர் ஒருவர் இடைமறித்து, "அவர் உயிரோடுதான் இருக்கிறார், இந்த ஊரிலேயே எங்கள் தூதரகத்தில்தான் வேலை பார்க்கிறார்" என்றதாகக் கதை. சர்ச்சிலுக்குப் பேச்சே அடைத்துப்போன சந்தர்ப்பங்கள் சரித்திரத்தில் ரொம்பக் குறைவு.

இவ்வளவு முன்னெச்சரிக்கை கிடைத்ததே, மறுநாள் கொழும்பு தயாராக இருந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் தலைக்கு மேலே வந்தபோது, ரத்மலானை விமான நிலையத்தில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் தரையில் நின்றுகொண்டிருந்தன. ரேடார் இருந்தது, வருபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மானம் கொஞ்சமாவது மிஞ்சியது ஒரு குதிரைப் பந்தய மைதானத்தால். கொழும்பு ரேஸ்கோர்ஸை அவசர அவசரமாக விமானத் தளமாக்கி வைத்திருந்தார்கள். அது ஜப்பானியர் மேப்பில் இல்லை. அங்கிருந்து ஹரிகேன் ரகப் போர் விமானங்கள் கிளம்பியதும் வந்தவர்களே கொஞ்சம் திகைத்தார்களாம். பந்தயக் குதிரை ஓடிய இடத்தில் ஹரிகேன் ஓடினால் யாருக்குத்தான் திகைப்பு வராது?

அன்றே கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய க்ரூசர் கப்பல்கள் கடலில் மூழ்கின. ஏப்ரல் 9-ல் திருகோணமலையில் குண்டு. மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் போயிற்று. சோமர்வில் தேடிப் போன இடத்தில் நகுமோ இல்லை, நகுமோ தேடி வந்த இடத்தில் சோமர்வில் இல்லை. ஒருவரையொருவர் பார்க்காமலே நடந்து முடிந்த மகா யுத்தம். இதில் ஜெயித்தது யார் என்று இன்றைக்கும் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நம் ஊர்.

இலங்கையில் ஏப்ரல் 5-ல் குண்டு. ஏப்ரல் 6-ல் ஜப்பானின் இன்னொரு படைப்பிரிவு வடக்கே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. நடுவில் யார் இருக்கிறது என்று மேப்பைப் பார்த்த மதராஸ் அதிகாரிகளுக்கு வியர்த்துவிட்டது. விரல் நேராகத் துறைமுகத்தில் வந்து நின்றது.

இந்தத் துறைமுகத்துக்கு ஏற்கெனவே ஒரு முறை சூடு பட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் நைசாக வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் குறி பார்த்துச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் டாங்குகளைப் பற்றவைத்துவிட்டு, இருட்டிலேயே காணாமல் போனார். ஊரில் விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்ததால் குறி பார்ப்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. உபசாரம் என்றால் இதுவல்லவா உபசாரம்! அடுத்த சில நாட்கள் மதராஸ் ரயில் நிலையங்களில் நிற்க இடமில்லை. குண்டு விழுந்தது கொஞ்ச நேரம், ஊர் ஓடியது வாரக்கணக்கில்.

அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று தாத்தா சொல்லியிருப்பார். அவர் பெரிய தேசபக்தர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எம்டன் மதராஸைச் சுட்ட சமயத்தில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். கப்பலில் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. நம்முடைய ஆளே குறி சொல்லிக்கொடுத்து வெள்ளைக்காரன் டாங்கு எரிந்தது என்றால் கேட்கச் சுகமாக இருக்கிறது. அதனால்தான் கதை நூறு வருஷமாக உயிரோடு இருக்கிறது. எம்டன் என்னவோ ஏழே வாரம்தான் உயிரோடு இருந்தது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதன் கதையை முடித்தது.

அந்தப் பழைய பயம் நெஞ்சில் இருக்கும்போதுதான் 1942 ஏப்ரலில், 'ஜப்பான் கப்பற்படை மதராஸை நோக்கி வருகிறது' என்ற தகவல் வந்தது. தகவல் தப்பு. வரவே இல்லை. நகுமோ வீட்டுக்குத் திரும்பும் ஜோலியில் இருந்தார். ஆனால் தப்பான தகவலுக்கு எப்போதுமே வேகம் அதிகம். வாட்ஸ்ஆப் வருவதற்கு அறுபத்தேழு வருஷத்துக்கு முன்பே அது அப்படித்தான்.

கவர்னர் சர் ஆர்தர் ஹோப். பெயரிலேயே 'ஹோப்' இருக்கிறதே என்று ஜனங்கள் கொஞ்சம் நம்பியிருக்கக்கூடும். அவருடைய சர்க்காரோ, அத்தியாவசியமான வேலை இல்லாதவர்கள் ஊரைக் காலி செய்யலாம் என்றது. சொன்னதோடு நிற்காமல் சர்க்கார் அலுவலகங்களும் ஃபைல்களைக் கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களைப் பார்த்துக் கிளம்பின. 'பயப்படாதீர்கள்' என்று சொல்ல வேண்டியவர்களே முதல் வண்டியில் ஏறினால் மிச்சப் பேர் என்ன செய்வார்கள்? ஜார்ஜ் டவுன் காலி. மயிலாப்பூர் காலி. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கலாம் என்று போனால் பக்கத்து வீடும் பூட்டிக் கிடந்தது.

சென்னையில் மூன்று தலைமுறையாக இருக்கும் எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். "அந்த சமயத்துல அந்த பங்களாவைச் சல்லிக் காசுக்குக் குடுக்கறேன்னான், எங்க தாத்தாதான் வேணாம்னுட்டார்" என்று ஒரு பெருமூச்சு நிச்சயம் வரும். இந்தப் பெருமூச்சுகளில் வரும் பங்களாக்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அன்றைய மதராஸைப் போல நாலு மதராஸ் தேறும்.

ஓட முடியாதவர்களும் இருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள், ராயபுரம் கடற்கரையில் கட்டுமரத்தைத் தவிர வேறு சொத்து இல்லாதவர்கள். கிராமத்தில் வீடு இருந்தவன் ஓடினான். கடலே கிராமமாக இருந்தவன் எங்கே ஓடுவான்?

இதில் மிகவும் பரிதாபத்துக்குரிய கூட்டத்துக்கு ஓடவும் வழியில்லை, ரயிலும் இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் பீப்பிள்ஸ் பார்க்கில் அப்போது மிருகக்காட்சி சாலை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடும் என்று யாருக்கோ யோசனை பிறந்தது. தெருவில் ஆளே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. போலீஸை வரவழைத்துக் கொடிய மிருகங்களையெல்லாம் சுட்டுத் தள்ளினார்கள். மதராஸுக்காக அந்த ஏப்ரலில் செய்யப்பட்ட துப்பாக்கிப் பிரயோகம் அநேகமாக அது ஒன்றுதான். ஜப்பான்காரன் ஒருத்தன்கூட சாகவில்லை, செத்தது நம்முடைய சிங்கம். இதைத் தமாஷாக எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆனால் உத்தரவு போட்டவர்களின் முகத்தைக் கற்பனை செய்யும்போது சிரிப்பு வராமலும் இல்லை.

இரண்டு மூன்று மாதத்தில் ஊர் மெதுவாகத் திரும்பியது. ஃபைல்களும் திரும்பின. 1943 அக்டோபரில் ஓர் இரவு, ஒரே ஒரு ஜப்பானிய விமானம் நிஜமாகவே வந்து மதராஸ்மேல் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. ஊரே ஓடியபோது எவனும் வரவில்லை. எவனோ வந்தபோது ஊர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்து, பல் விளக்கி, "ராத்திரி ஏதோ சத்தம் கேட்டுதே?" என்றது.

1942 ஏப்ரல் களேபரத்துக்குப் பிறகே சர்க்காருக்குப் புத்தி வந்திருந்தது. கடலில் யார் வருகிறார்கள் என்பதை வதந்தியை நம்பித் தெரிந்துகொள்ளக் கூடாது, போய்ப் பார்க்க வேண்டும். அப்படித்தான் புழல் ஏரி விமான நிலையம் ஆயிற்று. கேட்டலினாக்கள் அதிகாலையில் ஏரியைக் கிழித்துக்கொண்டு எழும்பி, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் மேலே உறுமிக்கொண்டு கடலுக்குள் போய்விடும். இவற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்தான். நம்முடைய வந்தே பாரத் ரயில் ஏறக்குறைய கிட்டே வந்துவிடும். ஆனால் இறங்காமல் ஒரு நாள் முழுக்கப் பறக்கும். குதிரை இல்லை, மாடு. மெதுவாகத்தான் போகும், நிற்காது.

1944-ல் இதே ஏரியில் 628 என்ற இன்னொரு ஸ்குவாட்ரன் உருவானது. கொஞ்சம் மர்மமான பேர்வழிகள். ஜப்பான் பிடித்துவைத்திருந்த கரைகளுக்கு ரகசியமாகப் போவது, ஆளை இறக்குவது, சரக்கை இறக்குவது, சத்தமில்லாமல் திரும்புவது. சத்தமில்லாமல் என்பது எழுத்துக்குத்தான். இரண்டு பெரிய எஞ்சின்கள் ஏரியில் முழங்கும்போது செங்குன்றத்து எருமைகளுக்குக்கூட ரகசியம் தெரிந்திருக்கும்.

நம் ஏரி விமானங்களின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் அந்தப் பக்கம் கொக்கலையில் செய்த காரியம் இன்னும் விசேஷம். சிங்கப்பூர் விழுந்த பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே விமான வழி அறுந்துவிட்டது. குவாண்டாஸ் கம்பெனி 1943-ல் ஒரு முடிவெடுத்தது: பெர்த்திலிருந்து கொக்கலைக்கு நேராகப் பறப்பது. ஒரு பக்கம் தீவு, இன்னொரு பக்கம் கண்டமே ஒரு தீவு. நடுவே சுமார் 5,650 கிலோமீட்டர் தண்ணீர், அதில் ஜப்பானிய விமானங்கள். ரேடியோவைத் தொடக் கூடாது. எரிபொருளை ஏற்றி ஏற்றி, புறப்படும்போது விமானம் நிறைமாத கர்ப்பிணி. முதல் பல மணி நேரத்துக்குள் ஓர் எஞ்சின் நின்றால் அத்தோடு சரி.

பயண நேரம் எவ்வளவு தெரியுமா? 27-லிருந்து 33 மணி நேரம். இடையில் எங்கும் இறங்காமல்! கிளம்பினவர்கள் வானத்திலேயே இரண்டு சூரியோதயம் பார்ப்பார்கள். அதனால் இதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்றே பெயர். ஏற்றிச் செல்வது மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும். அதற்குமேல் ஒரு ஊறுகாய் ஜாடிகூட ஏறாது. போய்ச் சேர்ந்த பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ரகசியத்துக்குச் சர்டிஃபிகேட் கொடுத்த ஒரே கம்பெனி!

இன்றைக்கு சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகிறவர்கள் பதினெட்டு மணி நேரத்துக்கே, கால் வீங்கிவிட்டது, சினிமா போர், சாப்பாட்டில் உப்பில்லை என்கிறார்கள். இறங்காமல் வானத்தில் இருந்த நேரம் என்று பார்த்தால், அட்டவணை போட்டு ஓடிய பயணிகள் விமானங்களில் அந்தக் கேட்டலினாக்களின் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. முறியடிக்கும் ஆசையும் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஐந்தே விமானங்கள், 1945 வரை 271 தடவை கடலைக் கடந்தன. ஒன்றுகூட விழவில்லை. இவ்வளவு விசுவாசமாக உழைத்ததற்குப் பரிசு? அவை அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய சரக்கு. ஒப்பந்தப்படி ஒன்று விலை கொடுக்க வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். போர் முடிந்ததும் நடுக்கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். ஜப்பானால் முடியாததை அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் முடித்துவிட்டது.

போர் முடிந்தது, இலங்கை சொந்தக் காலில் நிற்கத் தயாரானது. 1947 டிசம்பர் 10, ஏர் சிலோன் என்ற புதுக் கம்பெனியின் முதல் பயணம்: ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து மதராஸ். அவர்களிடம் இருந்த மூன்று டகோட்டா விமானங்களில் ஒன்றுக்கு வைத்த பெயர்தான் அபாரம். சீதாதேவி! இலங்கையிலிருந்து ஆகாய மார்க்கமாக இந்தியா திரும்பும் விமானத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? முந்தைய தடவை புஷ்பக விமானம். எத்தனை பேர் ஏறினாலும் ஓர் இடம் காலியாகவே இருக்கும் என்பார்கள். இப்போதைய பட்ஜெட் ஏர்லைன்ஸ்காரர்களுக்கு அந்த டெக்னாலஜி கிடைத்தால் அந்தக் காலி இடத்துக்கும் தனிக் கட்டணம் போடுவார்கள்.

இங்கே ஒரு கணக்குப் போடலாம். காங்கேசன்துறைப் பக்கத்துப் பலாலி ஓடுதளத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் 355 கிலோமீட்டர். டகோட்டா மணிக்கு 270 வீதம் பறந்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். நடுவில் பல வருஷம் அந்த வானம் மூடிக் கிடந்து, 2019 நவம்பரில் சென்னை-யாழ்ப்பாணம் விமானம் திரும்ப ஓடத் தொடங்கியது. ஏ.டி.ஆர். ரகம், டகோட்டாவைப் போல இரட்டை வேகம். டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம்? ஏறத்தாழ அதே ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்! வேகம் இரட்டிப்பானது வானத்தில். தரையில் உருண்டு, வரிசையில் நின்று, அனுமதிக்குக் காத்திருந்து, மிச்சமான நேரத்தை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள்.

நம்முடைய துறைமுகத்துக்கே வருவோம். அந்தமானுக்கு இன்னமும் இங்கிருந்து கப்பல் போகிறது. போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜய புரம். பெயரை மாற்றியும் தூரம் குறையவில்லை. கப்பலில் ஏறினால் இரண்டரை நாளுக்கு மேல். மீனம்பாக்கத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். புழல் ஏரியிலிருந்து கேட்டலினாவில் போயிருந்தால் ஏழு மணி நேரம் ஆகியிருக்கும், ஜப்பான்காரன் சம்மதித்தால்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல் வழி தூரம் 1,190 கிலோமீட்டர் என்று டூரிஸ்ட் கையேடுகளில் ஓர் எண் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேப்பில் நேர்கோடு போட்டு அளந்தாலே 1,360-க்குக் குறையாது. காக்கா பறக்கும் தூரத்தைவிடக் கப்பல் போகும் தூரம் குறைவு என்றால், அந்தக் கப்பல் சுரங்கம் தோண்டிக்கொண்டு போனால்தான் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் காப்பி அடித்து, அவரைப் பார்த்து மூன்றாமவர் எழுதி, எண் சாசுவதமாகிவிட்டது. அட்மிரல் சோமர்வில்லுக்கே தூரக் கணக்கு காலை வாரியது. கையேடு எழுதுகிறவரைக் கோபித்து என்ன பயன்?

கடைசியாக எண்ணூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால், உங்கள் விமானம் அந்தமானில் இறங்கும் நேரத்துக்கு நீங்கள் பாரிமுனையில் சிக்னலுக்கு நின்றுகொண்டிருப்பீர்கள். காரை நம்பாதீர்கள். ஆட்டோ பிடித்து விம்கோ நகர் வந்துவிடுங்கள். அங்கிருந்து மெட்ரோ நேராக ஏர்போர்ட்டுக்கே போகிறது, ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். மூட்டை அதிகமிருந்தால் கொஞ்சம் முன்னாலேயே கிளம்புங்கள்.